குனியாமல் குப்பையை ஒழிப்பது எப்படி? சூலியா தெருவுக்குப் புதிதாக வருவோருக்கு ஒரு கையேடு

பினாங்கு ஜார்ஜ்டவுனின் சூலியா தெருவில் கடை பிடித்திருக்கிறீர்கள், அல்லது ஒரு கடைவீட்டின் மாடியில் அறை எடுத்திருக்கிறீர்கள். வாங்க. கிழக்கே கடலோரத்து வெல்ட் கீ, மேற்கே பினாங்கு ரோடு, நடுவே நாகூர் தர்கா, சற்றே எட்டிப் பார்த்தால் 1801-இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். பகலெல்லாம் தங்கும் விடுதிகளும் பழைய புத்தகக் கடைகளும். பொழுது சாய்ந்தால் வாந்தான் மீ, கறி மீ வண்டிகள். சோழமண்டலக் கரையிலிருந்து மரக்கலமேறி வந்த முஸ்லிம் வணிகர்களின் பெயரை இன்னும் சுமக்கிற தெரு. 2008 ஜூலை 7 முதல் இது உலகப் பாரம்பரிய வட்டாரம். ஆக, நீங்கள் இன்றிரவு வீசப்போகும் கோழி எலும்புக்கும் ஓர் அனைத்துலகத் தகுதி உண்டு.

எவ்வளவு வாடகை, எத்தனை மாத முன்பணம், சன்னலுக்கு எந்த வண்ணம் பூசலாம் என்பதையெல்லாம் சொல்லிக்கொடுக்க இங்கே ஆள் இருக்கிறது. குப்பையை என்ன செய்வது என்று மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. பார்த்துப் பார்த்துத்தான் பழக வேண்டும். அந்தச் சிரமம் உங்களுக்கு எதற்கென்று, இத்தெருவின் பல்லாண்டு அனுபவத்தை இங்கே திரட்டித் தருகிறேன். அடிப்படை விதி ஒன்றே: குப்பையை ஒழிக்க வேண்டியதில்லை, நகர்த்தினால் போதும். உங்கள் வாசலை விட்டு அடுத்தவர் வாசலுக்குப் போய்விட்ட குப்பை, ஒழிந்த குப்பை.

அஞ்சடியிலிருந்து தொடங்குவோம். கடைவீடுகளின் முன்னால், மாடிக்கு அடியில் ஓடும் நடைபாதையைச் சொல்கிறேன். வெயிலும் மழையும் படாமல் சனங்கள் நடந்துபோகட்டும் என்று வெள்ளைக்காரன் காலத்தில் விட்ட இடம். இப்போது மோட்டார் சைக்கிளும் எரிவாயுத் தோம்பும் பூச்சட்டியும் நிற்கிற இடம். காலையில் இதைப் பெருக்குவது உங்கள் பொறுப்பு. பெருக்குவதில் வேகம் முக்கியமில்லை, திசை முக்கியம். உங்கள் பூப்போட்ட தரை ஓடு முடிந்து பக்கத்துக் கடையின் சிமெண்டுத் தரை தொடங்குகிற கோடுதான் எல்லை. அவர் கடை திறப்பதற்குக் கால் மணி முன்னால் உங்கள் வேலை முடிந்திருக்க வேண்டும். உங்களுக்கு முன்னால் எழுகிறவராக அவர் இருந்துவிட்டால், தெருப்பக்கமாகப் பெருக்குங்கள். அங்கே லோங்காங் இருக்கிறது.

லோங்காங் என்பது தமிழர், சீனர், மலாய்க்காரர் மூவரும் ஒரே பெயரால் அழைக்கும் சாக்கடை. மூவரும் ஒரே மனதோடு பயன்படுத்துவதும் அதைத்தான். சிகரெட் துண்டு, தேங்காய் நார், மீ அவித்த தண்ணீர், அரை வாளி மீன் குழம்பு எல்லாம் அதற்குள் போகும். எண்ணெயும் போகும். உணவுக் கடைக்கு எண்ணெய்ப் பொறி பொருத்த வேண்டும் என்று விதி இருக்கிறதே என்பீர்கள். தாராளமாகப் பொருத்துங்கள். அதை அடிக்கடி திறந்து, படிந்த கொழுப்பை வழித்தெடுக்க வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடுங்கள். வழிக்காத பொறி சீக்கிரமே வெறும் பெட்டியாகிவிடும். கொழுப்பு அதைத் தாண்டி லோங்காங்கில் இறங்கி, ஆறி, வெள்ளையாக உறைந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அதில் பை சிக்கும், பையில் சோறு சிக்கும், சோற்றுக்கு எலி வரும். எலிக்காக நீங்கள் அலட்டிக்கொள்ள வேண்டாம். அது எல்லைக்கோடு பார்த்து ஓடுவதில்லை. எனவே யாருடைய எலி என்ற வழக்கும் வராது.

மழை ஒன்றுதான் சங்கடம். கடல் ஏறுகிற நேரமும் மழை கொட்டுகிற நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டால், கடலை ஒட்டிய இந்தத் தாழ்நிலத்தில் சாக்கடை நீர் இறங்க வழியில்லாமல் திரும்பும். நீங்கள் மாதக்கணக்கில் அனுப்பிவைத்ததையெல்லாம் முகவரி தவறாமல் கொண்டுவந்து வாசலில் சேர்க்கும். 2017 நவம்பர் 4-ஆம் தேதி இரவு பினாங்கை மூழ்கடித்த மழையைச் சொல்லவில்லை. அதை எந்தச் சாக்கடையும் தாங்கியிருக்காது. ஆனால் அந்த மழைக்குப் பிறகு ஒரு வசதி வந்துவிட்டது. எந்தத் தூறலுக்குத் தண்ணீர் தேங்கினாலும் பருவநிலை மாற்றம் என்று சொல்லிவிடலாம். சாக்கடைக் கம்பியை அடைத்துக்கொண்டிருக்கும் தே தாரிக் பைகளைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.

அடுத்து தோங். மாநகர் மன்றத்தின் சக்கரம் வைத்த குப்பைத் தொட்டி. எல்லோருக்கும் அது பத்தடிக்குள் வேண்டும். யாருக்கும் தன் வாசலில் வேண்டாம். சக்கரம் பொருத்தியவர் லாரித் தொழிலாளியின் முதுகை நினைத்துத்தான் பொருத்தியிருப்பார். சூலியா தெரு அதற்கு வேறொரு பயன் கண்டது. இரவு கடை சாத்தும் நேரத்தில் பாருங்கள், தொட்டிகள் மெல்ல நடக்கத் தொடங்கும். விடிந்ததும் இப்படி ஒரு பேச்சு கேட்கும்:

“பாய், உங்க தோங் எங்க கடை வாசல்ல நிக்குது.”

“நம்ம தோங் இல்லண்ணே. மன்றம் வச்சது.”

“நேத்து உங்க வாசல்லதானே இருந்துச்சு?”

“நேத்து ராத்திரி காத்து அடிச்சுச்சுல்ல?”

காற்று என்பது எந்த நீதிமன்றத்திலும் நிற்கக்கூடிய பதில். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இப்படித் தள்ளித் தள்ளித் தொட்டி கடைசியில் போய்ச் சேரும் இடம் பூட்டிக் கிடக்கும் ஏதாவதொரு கடைவீட்டு வாசல். ஜார்ஜ்டவுனில் அப்படிப்பட்ட வாசல்களுக்குப் பஞ்சமில்லை. 2000-இல் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியபோது, தலைமுறை தலைமுறையாகக் குறைந்த வாடகையில் குடியிருந்த குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு நகரத்துக்கு வெளியே அடுக்குமாடிகளுக்குப் போயின. பாரம்பரியப் பட்டம் வந்த பிறகு மிச்ச வீடுகளில் பல விடுதிகளாயின. குடும்பங்களோடு இன்னொன்றும் போயிற்று. பொழுது சாய்ந்ததும் அஞ்சடியில் நாற்காலியை இழுத்துப் போட்டு, பனியனோடு உட்கார்ந்து, யார் எந்தப் பையை எங்கே வைக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்த கிழவர்கள். தமிழ்க் கிழவரோ ஹொக்கியன் கிழவரோ, ஒரு செருமல் போதும். வைத்த பை வந்த வழியே திரும்பிப் போகும். இன்றைக்கு அந்த வேலையைக் கண்காணிப்புக் கேமராவிடம் கொடுத்திருக்கிறார்கள். கேமராவுக்குச் செருமத் தெரியாது. விடுதியில் தங்க வருகிறவருக்கோ இந்தத் தெருவில் இரண்டு இரவுதான் வாழ்க்கை. மூன்றாம் நாள் இங்கே என்ன நாறினாலும் அவர் லங்காவியில் இருப்பார்.

பிளாஸ்டிக் விஷயத்தில் நீங்கள் ஒரு முன்னோடி மாநிலத்துக்கு வந்திருக்கிறீர்கள். 2009 ஜூலையில், திங்கட்கிழமைகளில் இலவச பிளாஸ்டிக் பை கிடையாது என்று பினாங்கு தொடங்கியது. 2011 முதல், வாரத்தின் எல்லா நாளும் கிடையாது என்றாயிற்று. வேண்டுமென்றால் அப்போது பைக்கு 20 சென். அந்தக் காசு வறுமை ஒழிப்பு நிதிக்குப் போனது. மெச்ச வேண்டிய காரியம், கிண்டலில்லாமல் சொல்கிறேன். அந்தப் பெருமையோடு பேரங்காடியில் உங்கள் துணிப்பையை நாலு பேர் பார்க்க விரியுங்கள். பிறகு நேராக இந்தத் தெருவுக்கு வந்து கறி மீ கட்டச் சொல்லுங்கள். மீ ஒரு பை. குழம்பு ஒரு பை. சம்பல் ஒரு குட்டிப் பை. சாப்ஸ்டிக்கும் கரண்டியும் ஓர் உறை. கோப்பி ஒரு பை, ஓரத்தில் கயிறு முடிந்து, உறிஞ்சுகுழல் செருகி. எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்க ஒரு பெரிய பை. ஆக மொத்தம் ஆறு. பேரங்காடியில் மிச்சம் பிடித்த ஒன்றைக் கழித்தால் ஐந்து. வீட்டிலிருந்து தூக்குச்சட்டி எடுத்துவரலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். நம் பாட்டிமார் அப்படித்தான் வாங்கினார்கள். பாட்டி செய்ததை நாமும் செய்தால் நாடு முன்னேறியதற்கு என்ன அடையாளம்?

இனி தரம் பிரித்தல். 2017 ஜூன் 1 முதல் பினாங்கில் குப்பையை வீட்டிலேயே பிரித்துக் கொடுப்பது கட்டாயம். வண்ணக் கணக்கு நாடு முழுவதற்கும் ஒன்றுதான்: நீலத்தில் தாள், பழுப்பில் கண்ணாடி, ஆரஞ்சில் பிளாஸ்டிக்கும் உலோகமும். மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்; நவம்பர் 11, தேசிய மறுசுழற்சி நாளன்று, பிள்ளைகளுக்குப் பள்ளிப் போட்டியில் உதவும். நடைமுறை இன்னும் எளிது. எந்தத் தொட்டியின் வாய் கைக்கெட்டுகிறதோ அதுவே உங்கள் வண்ணம். பாதி குடித்த சிராப் பண்டோங்கை நீலத் தொட்டியில் போட்டால், அதில் கிடக்கும் தாள்கள் அத்தனையும் அந்த நிமிடமே வெறும் குப்பையாகிவிடும். அப்புறம் அதைப் பிரிக்கும் கவலை யாருக்கும் இல்லை.

இவ்வளவுக்கும் பிறகு பினாங்கின் மறுசுழற்சி விகிதம் 40 விழுக்காட்டைத் தாண்டி, நாட்டின் சராசரிக்கு மேலே நிற்கிறது என்றால் நம்புவீர்களா? வண்ணத் தொட்டி மட்டும் சாதித்ததில்லை இது. “சூராட் காபார் லாமா” (பழைய நாளிதழ்) என்று மலாயில் பதிவுசெய்த குரலை ஒலிபெருக்கியில் அலறவிட்டபடி சந்து சந்தாக வரும் லாரிக்காரருக்கு இதில் பங்கு உண்டு. பழைய நாளிதழ், அட்டை, அலுமினிய டின், செத்த பேட்டரி, ஓடாத மின்விசிறி எல்லாவற்றையும் எடை போட்டுக் காசு கொடுக்கிறார். விடுதி வாசல்களில் கிடக்கும் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து மடித்து, தள்ளுவண்டியில் தன்னைவிட உயரமாக அடுக்கிப் போகும் சீனப் பாட்டிக்கும் பங்கு உண்டு. லோரோங் கூலிட் சந்தையில் விரிப்பு விரித்து, ஒற்றைச் செருப்பு, திருகாணி, பழைய கடிகாரம், யாரோ எறிந்த கேமரா என்று கடை பரப்புகிறவர்களுக்கும் உண்டு. சுற்றுச்சூழல் என்ற சொல்லை இவர்கள் வாயில் கேட்க முடியாது. கிலோ என்ன விலை என்பதுதான் பேச்சு. இவர்களோடு அதிகம் பழக வேண்டாமென்று எச்சரிக்கிறேன். குப்பைக்கு விலை உண்டு என்பது ஒருமுறை மனதில் ஏறிவிட்டால், அதை அடுத்தவர் வாசலுக்குத் தள்ள உங்களுக்குக் கை வராது. இந்தக் கையேடே வீணாகிவிடும்.

பண்டிகைக் காலங்களுக்குத் தனி நெறிமுறை உண்டு. சீனப் புத்தாண்டின் முதல் நாள் வீடு பெருக்கக் கூடாது, பெருக்கினால் அதிர்ஷ்டமும் சேர்ந்து வெளியே போய்விடும் என்பது சீனர் நம்பிக்கை. மிக நல்ல நம்பிக்கை. மற்ற இனத்தாரும் ஏற்று ஆண்டு முழுவதும் கடைப்பிடிக்கலாம். பிறகு தைப்பூசம். பினாங்கு வீதியிலுள்ள கோயில் வீட்டிலிருந்து நகரத்தாரின் வெள்ளி ரதமும், 2017 முதல் குயின் வீதி மாரியம்மன் கோயிலிலிருந்து தங்க ரதமும் தண்ணீர்மலை நோக்கிப் புறப்படும். ரதம் வரும் வழியெல்லாம் தேங்காய். ஒரு வேண்டுதலுக்கு ஒரு காய் என்ற கணக்கெல்லாம் எப்போதோ போயிற்று. லாரியில் கொண்டுவந்து நடுத்தெருவில் குவித்து, பத்துப் பேர் இரு பக்கமும் நின்று உடைக்கிறார்கள். இதில் நம்மைச் சீன அன்பர்கள் மிஞ்சிவிடுவதும் உண்டு. முருகன் முன்னால் போவார். பின்னாலேயே மன்றத்தின் வண்டிகள் வந்து ஓட்டையும் நீரையும் வாரிக்கொண்டு போகும். காய்களைக் குறையுங்கள், வீணாக்காதீர்கள் என்று பினாங்கு பயனீட்டாளர் சங்கம் சொல்லிப் பார்த்தது. பக்தி விஷயத்தில் சங்கத்துக்கு என்ன வேலை? தண்ணீர்ப் பந்தல்களும் நம் பெருமைதான். வாங்கிய மோரை நாலடி தள்ளி நின்று குடித்துவிட்டு, கோப்பையைக் கீழே விடுவது வரைக்கும் அது அன்னதானக் கணக்கில் சேரும். அதற்குப் பிறகு மன்றத்தின் கணக்கு.

நோன்பு மாதச் சந்தை, ஏழாம் மாதத்தில் பசித்த ஆவிகளுக்காகச் சாலையோரத்தில் எரிக்கும் காகிதப் பணத்தின் சாம்பல், தீபாவளிப் பட்டாசுத் தாள் என்று ஆண்டு முழுவதும் வரிசை கட்டி வரும். இந்நாட்டில் இன ஒற்றுமை இல்லை என்கிறவர்கள் விடியற்காலை ஐந்து மணிக்கு இந்தத் தெருவுக்கு வந்து பார்க்கட்டும்.

கூட்டுத் துப்புரவு, அதாவது கோத்தோங் ரோயோங், உங்கள் பகுதியில் நடந்தால் தவறாமல் போங்கள். சட்டமன்ற உறுப்பினர் வருவார். புதிய துடைப்பம் வரும். பெயர் அச்சடித்த சட்டை ஒவ்வொன்றும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வரும். நாசி லெமாக் பொட்டலமும் தண்ணீர்ப் போத்தலும் தலைக்கு ஒன்று. உறுப்பினர் துடைப்பத்தைப் பிடிக்கும்போது அவருக்கு வலப்புறம் நின்றால் படத்தில் விழுவீர்கள். எல்லாம் முடிந்ததும், துப்புரவுப் பணியில் சேர்ந்த குப்பையை அள்ள ஒரு லாரிக்குச் சொல்லி அனுப்ப வேண்டியிருக்கும்.

சரி, இதற்கெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது? இங்கேதான் பழங்கதை ஒன்று தேவைப்படுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். மலாயாவிலேயே முதல் நகராண்மைத் தேர்தல் 1951-இல் நடந்தது இந்த ஜார்ஜ்டவுனில்தான். 1957 ஜனவரி 1-இல் இது மாநகரானபோது முதல் மேயராக உட்கார்ந்தவர் ஒரு தமிழர், தொழிற்கட்சியின் டி.எஸ். இராமநாதன். லோங்காங் அடைத்தால் யார் சட்டையைப் பிடிப்பது என்று அன்றைக்குச் சனங்களுக்குத் தெரியும். அடுத்த தேர்தலில் அவர் வாக்குக் கேட்டு இதே அஞ்சடியில் வந்து நிற்க வேண்டும். 1965-இல், இந்தோனேசியாவுடன் மோதல் நடக்கிறது, தேர்தலைக் கொஞ்சம் நிறுத்திவைப்போம் என்றார்கள். மோதல் மறு ஆண்டே முடிந்துவிட்டது. தேர்தல் இன்னும் திரும்பவில்லை. 2012-இல் பினாங்கு தனக்கென ஒரு தேர்தல் சட்டம் இயற்றிப் பார்த்தது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் இடம் தரவில்லை. இன்று மன்றத்தில் இருப்பவர்கள் நியமன உறுப்பினர்கள். உங்கள் பகுதிக்கு யார் என்று தெருவில் கேட்டுப் பாருங்கள். தெரிந்தவர் எவரேனும் உண்டென்றால் அவர் அந்த உறுப்பினரின் உறவுக்காரராக இருப்பார். ஆகவே புகார் சொல்லும் முறை இது: அழுகிய பையைப் படமெடுத்துக் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள், கோபமான மூன்று முகங்கள் வரும், மனம் ஆறும். பை அங்கேயே இருக்கும்.

லாரி வந்து அள்ளிக்கொண்டு போன பிறகு என்ன ஆகிறது என்று கேட்காதிருப்பதுதான் இந்தக் கலையின் உச்சம். இருந்தாலும் ஆர்வக்கோளாறு உள்ளவர்களுக்காகச் சொல்கிறேன். தீவின் குப்பை தெற்கே பாத்து மாவுங்கில் உள்ள மாற்று நிலையத்துக்குப் போகிறது. அங்கே அழுத்திக் கட்டி, பார்ஜில் ஏற்றி, கடல் கடந்து பெருநிலத்தில் நிபோங் தெபால் பக்கம் புலாவ் பூரோங் குப்பைமேட்டுக்கு அனுப்புகிறார்கள். இந்தத் தெருவுக்குச் சரக்கு கப்பலில் வந்து இறங்கிய காலம் ஒன்று உண்டு. இப்போது தெருவின் குப்பை கப்பலேறிப் போகிறது. போய்ச் சேர்ந்த இடத்தில் 2022 ஜனவரியில் தீப்பிடித்தது. மேட்டின் அடிவயிற்றில் கனன்று கனன்று நாள்கணக்கில் புகைந்தது. அக்கம்பக்கத்துக் குடும்பங்களை வீட்டைவிட்டு வெளியேற்றி வேறிடத்தில் தங்கவைத்தார்கள். அந்தப் புகையில் சூலியா தெருவின் பை எது, ஆயர் ஈத்தாமின் பை எது என்று யாரால் பிரிக்க முடியும்? எலிக்குச் சொன்ன விதிதான் புகைக்கும்.

நம்முடைய இந்தக் கொள்கையை உலகமும் ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதில் உங்களுக்கு ஒரு பெருமிதம் இருக்கலாம். வெளிநாட்டு பிளாஸ்டிக் கழிவை இனி வாங்க மாட்டேன் என்று 2018-இல் சீனா கதவைச் சாத்தியதும், பணக்கார நாடுகள் துடைப்பத்தைத் தென்கிழக்காசியா பக்கம் திருப்பின. கொள்கலன் கொள்கலனாகப் பினாங்குத் துறைமுகத்திலும் வந்து இறங்கியது. 2020 ஜனவரியில் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் இயோ பீ யின் கணக்குச் சொன்னார்: 13 நாடுகளுக்கு 150 கொள்கலன்கள், 3,737 டன், திருப்பி அனுப்பியாயிற்று. பிரான்சுக்கு 43, பிரிட்டனுக்கு 42. நானூறு அடிக்கு அப்பால் இருக்கும் கடைக்காரர் தோங்கைத் தள்ளினால் சண்டைக்குப் போகிறோம். பாரிஸ்காரர் தள்ளியதைக் கண்டுபிடிக்கவே நமக்கு வெகு நாள் பிடித்தது. அவர்களிடம் கேட்டிருந்தால் காற்று அடித்தது என்றிருப்பார்கள்.

தள்ளத் தள்ள எங்காவது ஓரிடத்தில் குவிய வேண்டுமே. கொழும்பில் மீத்தொட்டமுல்லையில் குவிந்தது. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாள், அந்த மேடு சரிந்து அடிவாரத்து வீடுகள் மேல் விழுந்தது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அந்தக் குப்பையைப் போட்ட நகரவாசிகளில் பெரும்பாலோர் அந்த வீடுகளில் இல்லை.

இந்தக் கையேட்டுக்கு நேர் எதிரான போதனை ஒன்றும் பினாங்கில் நீண்டகாலமாக உலவுகிறது. உங்களை எச்சரிக்காமல் விட்டால் தவறு. பயனீட்டாளர் சங்கத்துக்குப் பல பத்தாண்டுகள் தலைவராக இருந்தவர் எஸ்.எம். முகமது இத்ரிஸ். 1926-இல் தமிழ்நாட்டில் பிறந்து, சிறுவனாகப் பினாங்குக்கு வந்து, வணிகம் செய்து, 2019-இல் மறைந்தவர். தேவையில்லாததை வாங்காதே என்பதிலிருந்து தொடங்குவார் அவர். வாங்காவிட்டால் உறை இல்லை. உறை இல்லாவிட்டால் தோங் நிறையாது. தோங் நிறையாவிட்டால் தள்ளுவதற்கு என்ன இருக்கிறது? வியாபாரிகள் தெருவில் நின்றுகொண்டு ஒரு வியாபாரியே இப்படிப் பேசினால் எப்படி? சமையலறைக் கழிவை உரமாக்குங்கள் என்று அவருடைய சங்கம் இன்றும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சட்டி வைத்துக் கற்றுக்கொடுக்கிறது. மலேசியக் குப்பையில் உணவுக் கழிவே மிகுதி என்பதால், இது பரவினால் ஆபத்து பெரிது. ஈரம் போன குப்பை நாறாது. நாறாத குப்பையை நகர்த்த யாருக்கும் அவசரம் வராது. அதைப் பிரித்துப் பார்த்தால் பாதி, ஒலிபெருக்கி லாரிக்காரர் வாங்கிக்கொள்கிற சரக்காக இருக்கும். மிச்சம் ஒரு சின்னப் பைதான். இத்தனை தலைமுறையாக நாம் கட்டிக் காத்த தெருக்கலைக்கு அதோடு முடிவு.

சட்டமும் மெல்ல அந்தப் பக்கம் சாய்கிறது. பொது இடத்தில் குப்பை போட்டுக் குற்றவாளி என்று தீர்ப்பானால் அபராதத்தோடு விட்டுவிடாமல், 12 மணி நேரம் வரை துப்புரவுப் பணி செய்ய உத்தரவிடும் முறை 2026 ஜனவரி 1 முதல் வந்திருக்கிறது. பளிச்சென்ற மேலங்கி மாட்டி, துடைப்பம் கொடுத்து, தெருவில் நிறுத்துவார்கள். அபராதமென்றால் பையிலிருந்து எடுத்து வீசிவிட்டுப் போகலாம். இதற்கு நாமே குனிய வேண்டும். மாமியார் வீட்டார் அந்த வழியாகப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இதுவரை சொன்ன உத்திகளை இருட்டிய பிறகு மட்டும் கையாளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று, இதில் மட்டும் கிண்டல் இல்லை. உங்கள் பையை எடுக்க இரவில் லாரியோடு ஒருவர் வருவார். வெள்ளைக்காரன் காலத்து முனிசிபல் கூலிகளில் நம்மவர் நிறைய இருந்தார்கள்; இன்று வருகிறவர் வேறு ஊர்க்காரராக, வேறு மொழிக்காரராக இருக்கலாம். பையின் கழுத்தைப் பிடித்துத் தூக்குவார், தொடையில் அணைத்து எறிவார். லோக்-லோக் குச்சியும் சாத்தே குச்சியும் பிளாஸ்டிக்கைக் கிழித்துக்கொண்டு அவர் தொடையில்தான் இறங்கும். குச்சிகளை ஒரு காலி மைலோ டின்னில் போட்டு மூடி வையுங்கள். உடைந்த கண்ணாடியைப் பழைய நாளிதழில் நாலு சுற்று சுற்றி, மேலே “காச்சா” (மலாயில் கண்ணாடி) என்று எழுதி, பைக்கு வெளியே தனியாக வையுங்கள். இன்றிரவே செய்யுங்கள்.